துண்டித்தால் அழியாது

பகிர்ந்த போல்டர் ஒன்றிலிருந்து கொம்பியூட்டரைக் கழற்றிவிடப் போகிறேன் என்று சொன்னால் அநேகமாக எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமா? கந்தோர்களில் கொம்பியூட்டர் பார்த்த காலம் முழுவதும் அந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்தது. ஓய்வுக்குக் கிட்டிய பெரியவர்களும் கேட்டார்கள், பட்டம் முடித்து நேற்று வந்து சேர்ந்த பிள்ளைகளும் கேட்டார்கள். நான் அதை ஒருநாளும் அறியாமை என்று நினைத்ததில்லை. நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று வீட்டைப் பூட்டிவிட்டுப் போய், இருபது வருடம் கழித்து வந்து கூரையில்லாத சுவரைப் பார்த்த சனம் எங்களில் நிறையப் பேர். ஒன்றைவிட்டு விலகினால் அது இல்லாமல் போய்விடும் என்பது பட்டு அறிந்த பயம். அதனால் பதில் சொல்ல எப்போதும் நேரம் எடுத்துக்கொண்டேன்.

கந்தோரில் ஒரு கொம்பியூட்டர் சேர்வராக நிற்கும். அதிலுள்ள போல்டரை மற்றவர்களும் திறக்கலாம் என்று விட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதன் நீளமான முகவரியைத் தட்டிக்கொண்டிருக்க ஏலாது என்பதால் அதற்கு ஓர் எழுத்தைக் கொடுத்துத் தங்கள் கொம்பியூட்டரில் போட்டுக்கொள்வார்கள். சி என்றால் பெட்டிக்குள் இருக்கிற டிஸ்க். இசட் என்றால் அடுத்த அறையில், சிலவேளை அடுத்த ஊரில் இருக்கிற டிஸ்க். திரையில் இரண்டும் ஒரே வரிசையில் நிற்கும். இசட்டின் படத்துக்குக் கீழே ஒரு சின்ன வயர்க்கோடு போட்டிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதை யாரும் கவனிப்பதில்லை. எல்லாம் தன் மேசையில் இருக்கிற பெட்டிக்குள்தான் கிடக்கிறது என்று நம்பியே பலர் ஓய்வு பெற்றுப் போயிருக்கிறார்கள்.

நான் தொண்டைமானாற்றில் பிறந்து வளர்ந்தவள். 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது மின்சாரம் நின்றது. படித்ததெல்லாம் போத்தல் விளக்கில். வானொலி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிக்க டைனமோவில் வந்த மின்சாரத்தில் செய்தி கேட்போம். பற்றரிகூட உள்ளே கொண்டுவர விடாத காலம் அது. கொம்பியூட்டர் என்பது பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு படம். பிறகு கொழும்புக்குப் போய்ப் படித்து, வேலையும் பழகி, 2002இல் ஏ-9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தேன். தலைமைக் கந்தோர் கொழும்பில், கிளை யாழ் நகரில் என்று இருந்த ஓரிடத்தில் வேலை கிடைத்தது. எந்த இடம் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

அங்கே ஒரு கிளாக்கர் ஐயா இருந்தார். தட்டெழுத்து மிஷினில் கைதேர்ந்தவர். கொம்பியூட்டர் வந்ததும் அதையும் பொறுமையாகப் பழகிக்கொண்டார். பென்சன்காரரின் கோவைகள் முழுக்க அவருடைய பொறுப்பு. கொழும்புச் சேர்வரில் இருந்த பழைய போல்டர் ஒன்று அவருடைய கொம்பியூட்டரில் கே டிரைவாகப் போட்டிருந்தது. அந்தப் போல்டரை மூடிப் புதிது ஒன்று தந்துவிட்டார்கள். பழையதைக் கழற்றுவதற்காக நான் மவுஸைப் பிடித்ததும் அவர் என் கையை மறித்தார்.

"பிள்ளை, உதைக் கழட்டினால் உள்ளுக்கை கிடக்கிறதெல்லாம் போயிடுமோ?"

"ஒண்டும் போகாது ஐயா. உங்கடை கொம்பியூட்டரிலை இருந்து பார்க்க ஏலாது. அவ்வளவுதான். சாமான் கொழும்பிலை கிடக்கும்."

"வடிவாத் தெரியுமோ?"

அவர் வடமராட்சிக்காரர். அதனால் எனக்கு ஊரே கைகொடுத்தது. "ஐயா, தொண்டைமானாற்றுக் கதவை இறக்கினால் கடல் வத்திப்போகுமோ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப சரி, கழட்டும்" என்றார்.

அந்தக் கதவைப் பற்றி வெளியூர் வாசகருக்குச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் உள்நாட்டு நீரேரி கடலைச் சந்திக்கிறது. பெயரில் ஆறு இருந்தாலும் அது மலையில் பிறந்து வருகிற ஆறு அல்ல. வடமராட்சியின் நடுவே நீளமாகக் கிடக்கும் நீரேரியின் வாய் அது. சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றுவதற்காக அதை வெட்டி ஆழமாக்கினான் என்பது ஊர்ப் பழங்கதை. அந்த வாயில்தான் கதவு வைத்த அணை இருக்கிறது. மாரியில் வெள்ளம் வந்தால் கதவைத் திறந்து மிச்சத்தைக் கடலுக்கு விடவேண்டும். மழை விட்டதும் கதவை இறக்கி, கடல் நீர் ஏறாமலும் உள்ளே நிற்கிற மழைநீர் ஓடிவிடாமலும் பார்க்கவேண்டும். இப்படி வருடக் கணக்கில் செய்து வந்தால் நீரேரி உப்புக் குறைந்து, பக்கத்துக் கிணறுகளும் வயல்களும் பிழைக்கும். பொறியியலாளர் ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு வேண்டும் என்று வகுத்த திட்டத்தில் எங்கள் ஊர்க் கதவுக்கும் அரியாலைக் கதவுக்கும் முக்கியமான இடம் இருந்தது. போர்க் காலத்தில் பார்ப்பாரில்லாமல் கதவுகள் பழுதாகிக் கிடந்தபோது உப்பு உள்ளே ஏறியதை ஊர்க் கமக்காரர் நாக்கால் அறிந்தார்கள். கதவு எப்போதும் திறந்திருந்தாலும் கெடுதல், எப்போதும் மூடியிருந்தாலும் வெள்ளம். எந்த நேரம் எதைச் செய்வது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். நெற்வேர்க் வேலையில் நான் படித்ததில் பாதியை ஊரில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன் என்று பிறகுதான் விளங்கியது.

நான் அந்தக் கந்தோரில் இருக்கும்போதுதான் 2006 ஓகஸ்ட் மாதம் வந்தது. முகமாலையில் சண்டை தொடங்கி ஏ-9 பாதை மூடப்பட்டது. ஊரடங்கு. தொலைபேசி வரும், போகும். மின்சாரமும் அப்படித்தான். கொழும்புச் சேர்வருக்குப் போகிற வழி அறுந்துபோயிற்று. ஊரடங்கு தளர்ந்து கந்தோர் திறந்த காலைகளில், மின்சாரம் இருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் வேலையை முடிக்கவேண்டும் என்று எல்லோரும் ஓடிவருவார்கள். கொம்பியூட்டரைப் போட்டால் அது நகராது. வேர்ட் திறப்பதற்கு ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம் பிடிக்கும். ஒரு கோவையைச் சேமிக்கப் போனால் திரை வெளிறி அப்படியே நின்றுவிடும். வைரஸ் என்று ஒருவர் சொன்னார். கொம்பியூட்டர்கள் பழசாகிவிட்டன என்று இன்னொருவர் சொன்னார்.

வைரஸும் இல்லை, பழசும் இல்லை. ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் கொழும்பு டிரைவுகள் நாலைந்து எழுத்துகளில் போட்டிருந்தன. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மறுபடி இணைத்துக்கொள் என்று கொம்பியூட்டருக்குச் சொல்லி வைத்திருந்தது. அது உண்மையுள்ள வேலைக்காரன் மாதிரி ஒவ்வொரு எழுத்துக்கும் கொழும்பைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராது. வராது என்று முடிவுகட்டுவதற்கு ஒரு நேரம் வைத்திருக்கிறது. அந்த நேரம் முடியும்வரை காத்துநிற்கும், பிறகு அடுத்த எழுத்துக்குப் போகும். வேர்ட் தன்னுடைய மாதிரிப் படிவங்களை எங்கே தேடவேண்டும் என்பதும் கொழும்புச் சேர்வரின் முகவரியாகவே இருந்தது. எக்ஸெலில் ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குப் போட்டிருந்த தொடர்புகளும் அங்கேதான் போயின. கடைசியாகத் திறந்த கோவைகளின் பட்டியலைக் காட்டுவதற்குக்கூட அது கொழும்பைத் தேடியது. இல்லாத இடத்தைத் தேடித் தேடியே மின்சாரம் இருந்த நேரமெல்லாம் கரைந்தது.

எல்லாக் கொம்பியூட்டர்களையும் துண்டிக்க முடிவெடுத்தேன். கறுப்புத் திரையைத் திறந்து நெற் யூஸ் என்று தட்டினால் எந்த எழுத்து எந்த இடத்துக்குப் போகிறது என்ற பட்டியல் வரும். அதை முதலில் கடதாசியில் எழுதி எடுத்தேன். பிறகு ஒவ்வொன்றாக, எழுத்தைச் சொல்லி டிலீட் என்று தட்டினேன். அந்தச் சொல்லைத் திரையில் கண்டதும் பக்கத்தில் நின்றவர்களுக்கு நெஞ்சு பதறியது. அந்தக் கட்டளையில் அழிவது எழுத்துக்கும் இடத்துக்கும் இடையே இருந்த முடிச்சு மட்டும் என்று ஒவ்வொரு மேசையிலும் சொன்னேன். கிளாக்கர் ஐயாவின் மேசையில் அதை அவரே மற்றவர்களுக்கு விளக்கினார், கடல் வத்தாது என்று. வேர்டின் படிவ முகவரியை உள்ளே இருந்த போல்டருக்கு மாற்றினேன். எக்ஸெல் தொடர்புகளை அறுத்து, அந்தந்தப் பெறுமதிகளை எண்களாகவே இருத்தினேன். கிளையில் சும்மா நின்ற ஒரு கொம்பியூட்டரைச் சேர்வராக்கி, கையில் கிடைத்த பிரதிகளையெல்லாம் அதில் போட்டேன். எவரெவரிடமோ பென் டிரைவிலும் சீடியிலும் கிடந்தவை, அச்சடித்து ஃபைலில் வைத்திருந்தவை எல்லாம் சேர்ந்தன. பென்சன்காரர் பட்டியல் முழுதாகக் கிடைத்தது, ஏனென்றால் கிளாக்கர் ஐயா எவரும் சொல்லாமலே மாதக் கடைசியில் அதை ஒரு சீடியில் எழுதி லாச்சியில் வைத்து வந்திருக்கிறார். கொம்பியூட்டரை நம்பாத அந்த மனிதரால் அந்த மாதம் பலருடைய வீட்டில் அடுப்பு எரிந்தது. இன்றுவரை அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

துண்டித்த பிறகு வேர்ட் உடனே திறந்தது. அதைப் பார்த்து ஒரு பிள்ளை கைதட்டினாள். அந்த நாட்களில் எங்களிடம் எதுவும் உடனே திறந்ததில்லை.

துண்டிக்கும்போது உண்மையாகவே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. அந்த டிரைவில் உள்ள கோவை ஒன்று திறந்த நிலையில், சேமிக்காமல் இருந்தால், துண்டிக்கிறபோது அந்தக் கடைசித் திருத்தங்கள் போய்விடலாம். விண்டோஸும் அதைச் சொல்லி எச்சரிக்கும். ஆனால் அந்த எச்சரிக்கை எல்லோரையும் பயமுறுத்துகிற மாதிரி இருக்கும், எதைப் பற்றிப் பயப்படவேண்டும் என்று சொல்லாது. எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் கழற்றவேண்டும். அவ்வளவே.

பெரிய இழப்பை நான் பார்த்தது இதற்கு நேரெதிரான இடத்தில். போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, வேறொரு கந்தோர். புதிதாக வந்த ஒரு பையனிடம் "அந்தப் பழைய டிரைவை எடுத்துவிடு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் டிரைவைத் திறந்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் தெரிவுசெய்து, கீபோர்டில் டிலீட்டை அழுத்தினான். நிச்சயமா என்று கேட்டது. ஓம் என்றான். பிழை விட்டால் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அவன் நினைப்பு. தன் கொம்பியூட்டரில் அழித்தால் குப்பைத் தொட்டிக்குப் போகும். நெற்வேர்க் டிரைவில் அழித்தால் அது தொட்டிக்குப் போவதில்லை, நேரே போய்விடும். இந்த ஒரு வித்தியாசத்தை எத்தனை கந்தோர்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? பழையது என்று அவர்கள் சொன்ன டிரைவில் மூன்று பிரிவுகள் அன்றும் வேலை செய்துகொண்டிருந்தன. என்னை அழைத்தபோது அந்தப் பையன் ஒரு மூலையில் நின்றான். அவனை எவரும் ஏசியதாகத் தெரியவில்லை, ஆனால் முகத்தில் இரத்தம் இல்லை. வெள்ளிக்கிழமை எடுத்த பிரதி ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அதிலிருந்து பெரும்பாலானது திரும்பி வந்தது. வெள்ளிக்குப் பிறகு செய்ததை மறுபடி செய்தார்கள். நான் அந்தப் பையனை உட்காரவைத்து, துண்டிப்பது எது, அழிப்பது எது என்று காட்டினேன்.  அவன் இப்போது ஒரு நல்ல நெற்வேர்க்காரன்.

2017 மே மாதம் நான் ஊரில் இருந்தேன். வெசாக் விடுமுறையை ஒட்டி வந்து நின்ற வாரம். வெள்ளிக்கிழமை, 12ஆம் திகதி, பின்னேரம் போய் இரவாகும்போது லண்டனில் இருக்கிற மச்சாள் செய்தி அனுப்பினாள். அவள் ஆஸ்பத்திரித் தாதி. கொம்பியூட்டர் ஒன்றையும் தொடவேண்டாம், எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று தங்களுக்குச் சொல்லிவிட்டார்கள், இனி எல்லாம் பேனையும் கடதாசியும்தான் என்று எழுதியிருந்தாள். திரையில் சிவப்புப் பெட்டி, முந்நூறு டொலர் பிட்கொயின் கேட்கிறது என்றாள். கோவைகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற அந்த நாசத்தின் பெயர் வன்னகிரை என்று அன்றிரவுதான் முதலில் கேட்டேன். இங்கிலாந்தின் அரச ஆஸ்பத்திரி அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு அளவில் அதனால் தடுமாறின. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கொம்பியூட்டர்களுக்குப் பரவியது என்று பிறகு சொன்னார்கள்.

அது பரவிய வழிதான் என்னைத் தூங்கவிடவில்லை. கந்தோர்க் கொம்பியூட்டர்கள் போல்டர்களைப் பகிர்வதற்குப் பேசுகிற மொழியின் பெயர் எஸ்.எம்.பி. 1980களில் ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது. ஒரு கந்தோருக்குள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் பேசுவதற்கான மொழி. அந்நியர் உள்ளே வருவார் என்று நினைத்துச் செய்ததல்ல. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை ஒன்றை அமெரிக்க உளவு நிறுவனம் ஒன்று தனக்கென்று வைத்திருந்தது. அதைத் திருடியவர்கள் அந்த வருடம் ஏப்ரல் 14ஆம் திகதி உலகத்துக்கு முன்னால் கொட்டினார்கள். நாங்கள் வருடப்பிறப்புக்குக் கைவிசேடம் வாங்கிக்கொண்டிருந்த நாள். மைக்ரோசொஃப்ட் அதற்கு ஒரு மாதம் முன்னதாக, மார்ச் 14இலேயே, ஓட்டையை அடைக்கிற திருத்தத்தை வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்களின் கொம்பியூட்டரில் யாரும் எதையும் கிளிக் செய்யவே தேவையில்லை. பக்கத்துக் கொம்பியூட்டருக்கு வந்தால் அது தானாக வரும். வந்த பிறகு சி டிரைவோடு நிற்காது. எழுத்து கொடுத்துப் போட்டிருக்கிற ஒவ்வொரு டிரைவுக்குள்ளும் போய், அங்கே இருக்கிறதையும் பூட்டும்.

சனி விடிய முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன். அப்போது நான் பார்த்துவந்த கந்தோர் அன்று பூட்டு. காவலாளி அண்ணை கதவைத் திறந்துவிட்டார். ஒரு கொம்பியூட்டரையும் போடவில்லை. நேரே சுவிட்ச் இருந்த அலுமாரிக்குப் போய், செருகியிருந்த நீல வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த வயர் எந்த மேசைக்கு என்று துண்டுக் கடதாசி ஒட்டினேன். இன்ரநெற் வயரையும் கழற்றினேன். பிறகு திருத்தத்தைப் பென் டிரைவில் கொண்டுபோய், தனித்தனியே நின்ற கொம்பியூட்டர்களை ஒவ்வொன்றாகப் போட்டு, அதைப் பதித்து, எஸ்.எம்.பி.யின் அந்த முதல் பதிப்பை நிறுத்தினேன். மார்ச் திருத்தம் இல்லாமல் நின்றவை கொஞ்சமல்ல. அங்கே அந்த நாச வேலை எட்டவில்லை. எட்டியிருக்கக் கூடிய வழிகள் எல்லாம் திறந்தே கிடந்தன.

வயரைத் திரும்பச் செருகுவதற்கு முன் நெற் யூஸ் பட்டியலை எடுத்தேன். அதைப் படித்தது மனதைப் பிசைந்தது. கனடா போய்விட்ட ஒருவருடைய போல்டர் அவர் இருந்த மேசைக் கொம்பியூட்டரில் இன்னும் டி எழுத்தில் நின்றது. முடிந்துபோன திட்டங்களின் போல்டர்கள் நின்றன. ஒரு முறை அச்சடிப்பதற்காக இணைத்துவிட்டு அப்படியே விட்டவை நின்றன. எல்லாவற்றிலும் எல்லோருக்கும் எழுதவும் அழிக்கவும் முழு உரிமை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்தது அல்ல. கேட்கிறவரை மறுக்கக் கூடாது, பிறகு சிரமப்படக் கூடாது என்ற நல்ல மனதால் வந்தவை. அந்த நல்ல மனதுக்குள்ளால்தான் அந்த நாசம் நடந்துபோகும். தேவையில்லாதவற்றைக் கழற்றினேன், தேவையானவற்றில் பலருக்கு வாசிக்கிற உரிமை மட்டும் கொடுத்தேன். கழற்றுவதோடு வேலை முடியாது. கொம்பியூட்டர் பழைய கடவுச்சொல்லை ஞாபகம் வைத்திருக்கும், அதையும் அதன் சேமிப்பிலிருந்து எடுக்கவேண்டும். வேலையை விட்டுப் போனவர்களுடைய கணக்கைச் சேர்வரிலும் நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பக்கத்துக் கதவு மூடியிருக்க அந்தப் பக்கத்துக் கதவு திறந்திருக்கும்.

ஞாயிறு மச்சாள் தொலைபேசியில் பேசியபோது, பரவலை ஓரளவு நிறுத்தியது ஓர் இளைஞன் என்றாள். மார்க்கஸ் ஹச்சின்ஸ். அந்த நாசக் கோவை ஒரு விசித்திரமான இணையப் பெயரைத் தேடுவதைக் கண்டு அந்தப் பெயரைத் தன் பேரில் பதிந்திருக்கிறார். பெயர் பதிவானதைக் கண்டதும் புதிதாக வந்த இடங்களில் அது வேலையை நிறுத்திக்கொண்டது. அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் பதிப்பில் எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு புதிதாகப் பதிக்கிற கொம்பியூட்டர்களில் இல்லாமலே வந்தது.

வெளி ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன், அதற்குக் காரணம் நகரத்தில் ஒரு கடை. முதலாளி நல்ல மனிதர், கணக்கு வழக்கில் சுத்தம். பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நல்ல டிஸ்க் ஒன்று வாங்கி, சேர்வருக்குப் பின்னால் செருகி, ஒவ்வோர் இரவும் தானாகப் பிரதி எடுக்கவும் ஒழுங்கு செய்திருந்தார். ஆனால் அந்த டிஸ்க்கை ஒருநாளும் கழற்றவில்லை. மின்னஞ்சலில் வந்த ஒரு பற்றுச்சீட்டை ஒரு பிள்ளை திறந்தாள். கடைக் கொம்பியூட்டர், அதில் போட்டிருந்த நெற்வேர்க் டிரைவ், சேர்வர், சேர்வரில் செருகியிருந்த பிரதி என்று எல்லாம் ஒரே இரவில் பூட்டுப்பட்டுப் போயின. 2013இல் கிறிப்டோலொக்கர் வந்த நாளிலிருந்து இந்த வகை நாசங்கள் டிரைவ் எழுத்துகளைத்தான் தேடித் திரிகின்றன. அவற்றுக்கு எது மூலம், எது பிரதி என்று தெரியாது. எழுத்து இருந்தால் போதும். பில் புத்தகத்திலிருந்து அவர் கணக்கை மறுபடி எழுதியதை நான் போய்ப் பார்த்தேன். ஒரு வருடத்துக் கதை.

பிரதி இல்லாத இழப்பு எங்களுக்குப் புதிதல்ல. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போனவற்றில் ஏட்டுச் சுவடிகளும், வேறெங்கும் பிரதி இல்லாத பதிப்புகளும் இருந்தன. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் என்று எல்லோரும் சொல்லும் அந்த எண்ணிக்கைக்குள் எங்கள் தலைமுறை வாசிக்காமல் போனதெல்லாம் அடங்கியிருக்கிறது. 2005இல் நூலகம் என்ற பெயரிலேயே எண்ணிம நூலகம் ஒன்றைத் தொடங்கியவர்கள் பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக வருடி எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். நான் அதைப் பெரிதாக மதிக்கிறேன். ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதன் விலையை அறிந்த ஊரிலிருந்து வந்த வேலை அது.

எங்கள் ஊரில் கழற்றி வைப்பதன் அருமையை முதலில் அறிந்தவர்கள் ஆசிரியர்கள்தான் என்று எனக்குத் தோன்றும். தொண்டைமானாறு என்றதும் வடக்கில் படித்த பிள்ளைகளுக்குச் சந்நிதி முருகனுக்கு அடுத்ததாக ஞாபகம் வருவது வெளிக்கள நிலையம். அவர்கள் நடத்துகிற முன்னோடிப் பரீட்சையை எழுதாமல் உயர்தரம் எழுதியவர்கள் குறைவு. நானும் போத்தல் விளக்கில் படித்து அந்த வினாத்தாள்களோடு மல்லுக்கட்டியவள். பிற்காலத்தில் தனியார் வகுப்பு ஒன்றுக்கு வினாத்தாள் தட்டிக் கொடுத்த ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்குப் பிறின்டர் பார்க்கப் போனேன். வினாத்தாளுக்கென்று தனியாக ஒரு பழைய கொம்பியூட்டர் வைத்திருந்தார். நெற்வேர்க் வயர் இல்லை, வைஃபை இல்லை, பிறின்டர் நேரே அதில் செருகியிருந்தது. "பிள்ளை, இதிலை இருந்து வெளியாலை போறது கடதாசி மட்டும்தான்" என்றார். அவருக்கு நான் சொல்லிக் கொடுக்க எதுவும் இருக்கவில்லை.

இப்போது கந்தோர்களில் சேர்வர்கள் குறைந்துவிட்டன. எல்லாம் வன்டிரைவ், கூகுள் டிரைவ் என்று மேலே போய்விட்டது. கேள்வி மட்டும் மாறவில்லை. ஒரு வித்தியாசம், இப்போது கொம்பியூட்டரில் தெரிகிற போல்டர் மேலே இருக்கிறதன் நிழலாக நிற்கிறது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், மற்ற எல்லோரிடமும் அழியும். இடம் போதாது என்று வீட்டு லப்டொப்பில் ஒரு போல்டரை அழித்து, கொழும்பில் இருக்கிற கூட்டாளியின் கையை வெறுமையாக்கியவர்கள் இருக்கிறார்கள். முதலில் இணைப்பைத் துண்டிக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் இங்கே கிடக்கிறதை அழிக்கலாம்.

எங்கள் குடும்பத்துக்கும் அப்படி ஒரு போல்டர் இருக்கிறது. ரொறன்ரோவில் இருந்த மாமா, இடப்பெயர்வுகளில் தப்பிய படங்களையெல்லாம் உறவுக்காரரிடம் கேட்டு வாங்கி வருடி, கூகுள் டிரைவில் போட்டு எல்லோருக்கும் பகிர்ந்திருந்தார். அம்மாவின் கலியாணப் படம், சந்நிதித் திருவிழாவில் தூக்குக் காவடி, இடியமுன் இருந்த எங்கள் வீட்டின் முகப்பு எல்லாம் அதில் உண்டு. மாமா காலமான பிறகு அக்காவின் மகன் தொலைபேசி எடுத்தான். லப்டொப் நிறைந்துவிட்டது, அந்தப் போல்டரைக் கழற்றட்டுமா என்று கேட்டான்.

"கழட்டு, பிரச்சினை இல்லை. ஆனா அதுக்கு முதல் ஆற்றை போல்டர் எண்டு பார்."

"மாமாவின்ரை கணக்கிலைதான் கிடக்கு சித்தி."

"அப்ப கழட்டாதை. முதல் எல்லாத்தையும் இறக்கு."

ஏனென்றால் அதன் உரிமை மாமாவின் கணக்கில். இரண்டு வருடம் எவரும் திறக்காத கணக்குகளையும் அவற்றில் உள்ளவற்றையும் அழிக்கலாம் என்று கூகுள் 2023இல் அறிவித்துவிட்டது. போல்டரைப் பார்க்கிற நாங்கள் எத்தனை பேர் இருந்தாலும், அதை வைத்திருக்கிற கணக்கு போனால் எல்லோருக்கும் போய்விடும். அவன் இரண்டு இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கினான். ஒரு பிரதி அவன் கணக்கில், ஒரு பிரதி லண்டனில் மச்சாளிடம். மூன்றாவது ஒரு ஹார்ட் டிஸ்கில் தொண்டைமானாறு வீட்டு அலுமாரியில் இருக்கிறது, வயரைச் சுற்றித் துணிப்பைக்குள் போட்டு. டிஸ்க் சும்மா கிடந்தாலும் பழுதாகும். ஆவணியில் சந்நிதித் திருவிழாவுக்கு எல்லோரும் வருகிறபோது அதை எடுத்துச் செருகி, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்து, அந்த வருடத்துப் படங்களையும் சேர்த்து, மறுபடி கழற்றி வைக்கவேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அக்காவின் மகன்தான் அதற்குப் பொறுப்பு.